தவிலுக்குப் பிறகு ஒரு மலாய்ப் பாட்டு

பினாங்கில் பாட்டைத் துணி மாதிரி அளந்து வெட்டுகிறார்கள். நான் இங்கே வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒருநாள், கடைத்தெருவில் உள்ள ஒரு கசெற் பதிவுக் கடைக்குள் இசைத்தட்டோடு நுழைந்தேன். யார் வாசித்தது, என்ன ராகம் என்று கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. "எத்தன நிமிசம்ண்ணே வரும்?" என்றார். தவறித் தையற்கடைக்குள் வந்துவிட்டேனோ என்று பெயர்ப்பலகையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

குறையில்லாத இசைத்தட்டு எது என்பதற்கு என்னிடம் ஒரு வரையறை உண்டு. ரசனை தந்ததல்ல, சோம்பல் தந்தது. ஊசியைத் தூக்கி மாற்றி வைப்பதற்காக என்னை நாற்காலியை விட்டு எழுப்பாத தட்டு, அவ்வளவுதான். ஆயுளில் அப்படி மூன்று அகப்பட்டன. தாசேக் கெலுகோர்ப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப்போன ஜாஸ் தட்டு ஒன்று. அதில் சாக்சபோன் வாசிப்பவர் வேலை முடிந்து ஃபெரியில் நின்றுகொண்டே வந்தவரைப்போலக் களைத்திருப்பார்; ஆனால் சுருதி விலகாது. எனக்குக் களைப்பு மட்டும்தான் வாய்த்தது. இன்னொன்று ஒரு சிங்களப் பாடகருடையது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் வருகிற நாட்களில் அது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். ஊரில் இருக்கும் நீங்கள் என் வீரத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்கவேண்டாம்.

மூன்றாவது, நாதஸ்வரம். அது அப்பாவின் தட்டு. எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது அதை யாழ்ப்பாணத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அங்கே வாசிப்பு முடிந்து தட்டு வெறுமனே சுற்றும்போது ஒருவரும் பேசமாட்டோம். சற்றுப் பொறுத்து அப்பாவிடமிருந்து "ம்" என்றொரு சத்தம் வரும். அவர் எதையாவது பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். என் பரீட்சை முடிவுகளுக்குக்கூட அது கிடைத்ததில்லை. பிறகு அப்பா போனார். அதன் பிறகு ஷெல் விழுந்து வீடும் போனது. அந்த நேரத்தில் தட்டு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடிதம் எழுத வெட்கமாக இருந்தது.

இங்கேயே பிறந்த யாழ்ப்பாண வம்சாவளி டாக்டர் ஒருவரிடம் அதே தட்டு இருந்தது. சம்பந்தம் பேசப் போகிறவன் மாதிரி பலமுறை போய்வந்த பிறகு, ஒரே ஒரு நாளைக்கு இரவல் தந்தார். அதைத்தான் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். அந்த வாசிப்பைவிட, அது முடிந்தபின் வரும் மௌனம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பதிவான கசெற்றை வீட்டில் போட்டேன். தவில் அடங்கியது. கண்ணை மூடினேன். மூச்சு விடுவதற்குள் ஒரு மலாய்ப் பெண், வயலின் குழைய, ஆறுதலாக ஒரு பழைய பாட்டைத் தொடங்கினாள்.

மறுநாள் கடையில் போய் நின்றேன்.

"அண்ணே, ஒங்க மேளம் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. பாக்கி டேப்ப சும்மா விட்டா கஸ்டமர் ஏசுவாங்க லா. நல்ல பாட்டாப் பாத்துத்தான் போட்டேன்."

"எனக்கு அந்தச் சும்மாதான் வேணும்."

"சும்மா வேணும்னா எங்கிட்ட ஏண்ணே வந்தீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி, அழிச்சுத் தரேன். ஆனா இந்த மெசின்ல சரியா அந்த எடத்துல நிறுத்த முடியாது. தவுலும் கொஞ்சம் போயிரும். பரவால்லயா?"

தட்டு டாக்டரிடம் திரும்பிப் போய்விட்டிருந்தது. தவிலை இழக்க மனமில்லாமல் கசெற்றை அப்படியே வாங்கி வந்தேன். அதன்பின் வருடக்கணக்காக, அக்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் வேலை முடிந்து ஃபெரியில் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் நாதஸ்வரம். தவில் ஓய்ந்ததும் அவள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு பல்லைக் கடிக்கவும் களைப்பாகிவிட்டது. மனைவி அவள் குரல் கேட்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

போன மாதம் டாக்டர் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனார். "அங்க யார் இதக் கேக்கப்போறா, நீங்களே வச்சிக்கங்க" என்று தட்டை என் கையில் தந்தார். வீட்டுக்கு வந்து பிளேயரைத் துடைத்து அதைப் போட்டேன். தவில் அடங்கியது. தட்டு வெறுமனே சுற்றியது. நான் கேட்ட மௌனம், ஒரு பிசிறு இல்லாமல், முழுதாக வந்தது. காத்திருந்தேன். அதற்குள்ளிருந்து "ம்" வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியாதா என்ன.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, அவள் பாடேல்லையே?"

"ஆர்?"

"எங்கட மலாய்க்காரி."

"தட்டிலை அவள் இல்லை."

"அப்ப இது முழுசா இல்லையோ?"

குறையில்லாத தட்டு ஒன்றுக்காக முதன்முறையாக நாற்காலியை விட்டு எழும்பினேன். ஊசியைத் தொடவில்லை. பழைய கசெற்றைத் தேடி எடுத்து, தவிலின் கடைசிவரை ஓட்டிவிட்டுப் போட்டேன். அவள் தொடங்கினாள். குசினியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாட்டு முடிந்து சற்றுப் பொறுத்து "ம்" என்றொரு சத்தம் வந்தது. என் தொண்டையிலிருந்துதான். பக்கத்தில் நாதஸ்வரத் தட்டு இன்னும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.