சாமிக்கும் பேய்க்கும் ஒரே தொண்டை

டப்பிங் தொழிலில் வாய் மட்டும்தான் நமக்கு. மாலையும் கைதட்டலும் முகம் காட்டியவர்களுக்கு. என்னைப் போலவே ஒளிந்து பேசி வயிறெரிந்த டப்பிங்காரர்கள் உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? சாத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சி, சி.டி.யில் போட்டு விற்கும் படம் எடுக்க இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. பஸ் கண்டக்டர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை எவர் குரலும் என் தொண்டையில் வரும்.

அம்மன் எண்ணினாள்

நடிகர்கள் எல்லாம் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். வசனம் மனப்பாடம் ஆகாது. அதனால் கேமரா முன்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார் அண்ணாச்சி. எண்ணுகிற வாய்க்கு எந்த வசனமும் பொருந்தும். அதைப் பிறகு நான் பேசி ஒட்டுவேன். அம்மனாக நடித்த முத்தக்கா முப்பத்தேழு வரை எண்ணி அசுரனைக் கொன்றார். அசுரனுக்கும் நான்தான் அலறினேன். டைட்டிலில் என் பெயரைப் போடச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னார்: "அம்மனா பேசுறது ஏழாயிரம்பண்ணை செல்வராணின்னு தெரிஞ்சா யாருட்டி கும்பிடுவா?"

பேய்

அடுத்து எடுத்த படத்தில் பேய்க்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரின் குரலைக் கொடுத்தேன். பெயர் கேட்டதற்கு, போட்டால் பயம் போய்விடும் என்றார் அண்ணாச்சி. டீச்சரும் சி.டி. பார்த்துவிட்டார். நோட்டைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "பேய் என்னய மாதிரியே பேசுது. அதுகூடப் பரவால்ல. டைட்டில்ல ஒன் பேரக் காணமே, ஏன்?"

செத்தவன் சொன்ன சேதி

பிறகு வந்த சண்டைப் படங்களுக்கெல்லாம் ஹீரோ அண்ணாச்சியின் மச்சினன். மீசை பெரிசு, குரல் கொசு. நான் கொடுத்த கனத்த குரலில் ஊரே மயங்கியது. யாராவது பேசச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டுவான். தீபாவளிக்கு எடுத்த படத்தில் பெயர் கேட்டபோது, மச்சினன் மானம் போய்விடும் என்றார் அண்ணாச்சி. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். மைக் முன்னால் மட்டும் திறந்தேன்.

சீசன் அவசரத்தில் அண்ணாச்சி நான் பேசியதைக் கேட்டுப் பார்க்காமலே சி.டி. நகலெடுத்து, ஆர்டர் கொடுத்த கடைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அவருடைய வீடியோ கடை வாசலில் டி.வி. வைத்துப் படம் ஓடியது. ஹீரோ, தாயாக நடித்த முத்தக்கா மடியில் சாகிறான். பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். அவன் கண் திறந்து, கனத்த குரலில் சொன்னான்: "அம்மா, நான் போறேன். இம்புட்டு நாளும் எனக்காகப் பேசுனது ஏழாயிரம்பண்ணை செல்வராணி. அவள மறந்துராதீக."

அழுதவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று கும்பிடு போட்டேன். அண்ணாச்சி சொன்னார்: "அடுத்த படத்துல முதல் பேரா ஒன் பேரத்தான் போட்டுத் தொலைக்கேன். சாகுறவன் வாயிலருந்து மட்டும் இறங்குட்டி."

சாமியும் பேயும் வாங்கித் தராத பெயரை, சாகிறவனைப் பிடித்துத்தான் நான் வாங்கவேண்டியிருந்தது.