நான் படிக்காமல் விட்ட பதில்

எங்கள் வீட்டில் போனைப் படிக்கிற ஆள் நான்தான். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், என் வீட்டுக்காரர் பத்தாவது. ஆனால் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திவிட்டு, அவர் கட்டிலிலும் நான் தரையிலுமாக உட்கார்ந்து, ஆம்பளைகள் ஆம்பளைகளுக்கு எழுதினதை எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சர்க்கரையால் அவருக்கு அந்த இடத்துத் தோல் வெடித்து வெடித்து இறுகிப்போய்விட்டது. ஒன்றுக்குப் போவதே பாடு. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். விம்கோ நகரிலிருந்து ஆட்டோவில் போகும்போதே என்னிடம் சொன்னார்: "தோலை வெட்ட வேணாம்னு டாக்டராண்ட சொல்லிக்கிறேன். லேசா கீறி வுட்டா போதும்னு சொல்லிக்கிறேன். நீயும் கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டேன்.

அவரை உள்ளே கொண்டுபோய் மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்தார். என் மகளைவிடச் சின்ன வயசுப் பையன் மாதிரி இருந்தார். "உள்ள ரொம்ப மோசமா இருக்கும்மா, முழுசா எடுத்தாத்தான் நல்லது" என்று காகிதத்தை நீட்டினார். அவர் வேணாம்னு சொன்னாரே என்று என் வாயில் வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எதை வேணாம் என்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வராந்தா முழுக்க ஜனம். அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேனாவை வாங்கி என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு, மாத்திரை, தண்ணி, இவ்வளவுதான் பேச்சு. லுங்கி உரசினால் கூசும் என்று முன்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஹார்பரில் முப்பது வருஷம் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினவர், மாலையில் டீக்கடைக்குப் போகாமல் இருக்கமாட்டார். ஒரே ஒருநாள் போய்வந்தார்.

அங்கே யாரோ கேட்டார்களாம்: "இன்னா மாமு, இந்த வயசுல சுன்னத்தா? பிரியாணி எப்போ?"

கூட வேலை செய்த பாய் ஒருவர் உடனே, "டேய், எங்களுக்கெல்லாம் இன்னா கொறஞ்சு பூட்ச்சு? நீ வா தோஸ்து, டீ குடி" என்றாராம்.

அதை என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "பாய்க்கு சின்னதுல விருந்து வெச்சு செஞ்சாங்க. என்னிய யாரு கேட்டா?" என்றார். அதற்குப் பிறகு டீக்கடை இல்லை.

கட்டு மாற்றுகிற ஆஸ்பத்திரிக்காரர்தான் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போனில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். எல்லாரும் இதே கவலை உள்ள ஆம்பளைகள். சின்ன வயதில் கேட்காமல் செய்யப்பட்டவர்கள், இவரைப்போலச் சர்க்கரையில் இழந்தவர்கள். சிலர் பிளாஸ்திரி ஒட்டி, மிச்சமிருக்கிற தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழையபடி மூடவைக்கப் பார்க்கிறவர்கள். வருஷக்கணக்கில் ஆகுமாம். வீட்டில் ஆட்கள் காதில் விழும் என்பதால் யாரும் போன் செய்யவோ குரலில் பேசி அனுப்பவோ கூடாது, எழுதத்தான் வேண்டும் என்று அங்கே ஒரு கட்டுப்பாடு.

அதனால்தான் நான். முதல் நாள் போனை என் மடியில் போட்டு, "படி" என்றார். வேறு யாரிடம் கொடுப்பார்?

யாருக்கும் பெயர் கிடையாது, படம்தான். ரோஜாப்பூக்காரன் கல்யாணம் நிச்சயமான பையன், பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தினமும் கேட்பான். கண்ணாடிக்காரர் வாத்தியார், அழுததைக்கூடப் பிழையில்லாமல் எழுதுவார். லாரி படக்காரர் காட்டுப்பள்ளிக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறவர், துறைமுக வாசல் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் எழுதுவார். மகளைக் கட்டிக்கொடுத்தபின் பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் இவர்கள்தான் பேசினார்கள். நான் ஒருத்தி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது ரோஜாப்பூக்காரனை நினைத்துக்கொள்வேன்.

இவரும் பிளாஸ்திரி வாங்கிவரச் சொன்னார், வாங்கிவந்தேன். சர்க்கரைக்காரர் ஒட்டினால் புண்ணாகும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று வாத்தியார் எழுதியிருந்தார். படித்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுடி" என்றார்.

"நான் வெட்ட வேணாம்னு சொல்லிருந்தேன். என் பொண்டாட்டிக்குத் தெரியும். அவதான் கையெழுத்துப் போட்டுட்டா."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன். பொண்டாட்டி என்று எழுதவே நேரமாயிற்று.

"போட்டியா?"

"ம்."

"படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன். எட்டு மாதமாக என்னிடம் சொல்லாததை என் வாயாலேயே கேட்டுக்கொண்டார்.

பதில்கள் வந்தன. "பொம்பளைங்களுக்கு இது புரியாது" என்று ஒருவர். "விதிண்ணா" என்று ஒருவர். எல்லாவற்றையும் படித்தேன். கடைசியில் லாரிக்காரர் எழுதியிருந்தார்: "அண்ணே, சின்னதுல எங்கம்மாதான் என்னிய வெட்டுறதுக்குத் தூக்கிகினு போச்சு. கோவத்துல ரெண்டு வருஷம் பேசல. அப்பால பேசப்போனா அதுக்கு ஞாபகம் பூட்ச்சு. அக்காகிட்ட பேப்பர நீட்டும்போது அவங்க பக்கத்துல யாரு இருந்தா? கேட்டீங்களா?"

"வேற?" என்றார் இவர்.

"அவ்ளோதான்" என்றேன்.

படிக்க முடியவில்லை. என் வாயால் படித்தால் எனக்கு நானே வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கும். இவள் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைப்பார். இரண்டு நாள் கழித்து லாரிக்காரர் மறுபடி கேட்டிருந்தார். அதையும் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, லாரி படம். கட்டுப்பாட்ட மீறிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் கேட்டதுல கோவமா?"

"இன்னா கேட்டே?"

அவர் சொன்னார். அப்படியே, வரிக்கு வரி.

"எனக்கு வர்லியே நைனா."

"நீங்க படிச்சதா நீல டிக் வுழுந்துகீதுண்ணே. ரெண்டு தபாவும்."

இவர், "எனக்குக் கண்ணு தெரியாது. என் பொண்டாட்டிதான் படிக்கிறா" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஐயோ" என்றது போன். அப்புறம் வைத்துவிட்டார்கள்.

நான் அடுப்பை அணைத்தேன். உள்ளேயிருந்து கேட்டார். "யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"டாக்டரு இன்னா சொன்னான்?"

வாசற்படியில் உட்கார்ந்து சொன்னேன். வராந்தா, ஜனம், காகிதம், வாய்வரைக்கும் வந்தது, வராமல் போனது.

"டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம் நீ" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் தன் கண்ணைப் பற்றியும், படிப்பது நான் என்றும் குழுவுக்கு எழுதச் சொன்னார். தெரியாமல் எழுதுகிறார்களே, அது நியாயம் இல்லை என்றார். எழுதினேன். சாயங்காலத்துக்குள், வருத்தத்தோடுதான் என்று எழுதிவிட்டு, எங்களைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களும் பாவம், எப்படி எழுதுவார்கள்.

லாரிக்காரர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் போன் செய்கிறார். இவர் சுவரைத் தடவிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போய்விடுவார். சிரிப்புச் சத்தம் கீழே வரும். என்ன பேச்சு என்று தெரியாது. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தகவலே இல்லை.

மத்தியானம் நான் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கட்டிலிலிருந்து, "இன்னா பண்றே?" என்பார்.

"ஒண்ணியுமில்ல" என்பேன்.

முன்பு அதையும் கேட்கமாட்டார்.