நாலாவது காம்பராவின் சீலிங்

சம்பளம் வாங்குகிறவனைத் திட்டலாம், சும்மா வருகிறவனைத் திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டான் என்று என் மேலதிகாரி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் திட்டினேன். அவர்கள் வந்தார்கள். கண்டி நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில் ரிசேர்வ் படை என்று ஒன்றை ஆரம்பித்து அதை என் தலையில் கட்டியபோது எனக்கிருந்த ஒரே தகுதி பெரிய தொண்டைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்து முற்றத்தில் நான் போடும் சத்தம் மஹய்யாவயில் எங்கள் வீட்டுக் குசினி வரைக்கும் கேட்கிறது என்று என் மனைவி சொல்வாள். அது பொய். ஆனால் அவளுக்கும் சத்தமாகப் பேசித்தான் பழக்கம், எது எங்கிருந்து வருகிறது என்று அவளால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

ரிசேர்வ் என்றால், தங்கள் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டு, ஃபோன் அடித்ததும் ஓடிவந்து எங்களோடு நெருப்புக்கு நிற்கிற ஆட்கள். காசு பணம் எதுவும் கிடையாது. ஒரு ஹெல்மெட்டும் சப்பாத்தும் என்னுடைய வசவும் கிடைக்கும். ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் முதல் அழைப்புக்கே சாரத்தோடு வந்து நின்றார். தலையில் ஹெல்மெட், இடுப்பில் சாரம். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் நெருப்பை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசையாமல், "களிசான் தேடிக்கிட்டு ஈந்தா இங்க எல்லாம் பத்தி முடிஞ்சி ஈக்கும் சேர்" என்றார். அந்த மனிதரோடு எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்?

இன்னொருவன் த்ரீவீல் ஓட்டுகிறவன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், அங்கேயே குடியிருந்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி போட்டிருந்தான். முப்பது வயதைத் தாண்டிய ஆள், பேச்சு குறைவு, கை வேகம். ஒரு நாள் ஃபோன் வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சரிடம், "டீச்சர், எறங்குங்க, தீப்பத்திக்கிச்சு" என்று சொல்லியிருக்கிறான். வண்டிக்குத்தான் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அந்த அம்மா மரக்கறிப் பையோடு வீதியில் குதித்துவிட்டார். இவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டான். மறுநாள் டீச்சர் நிலையத்துக்கே வந்து என்னைப் பிடித்து ஏசினார். எனக்கும் ஏசத் தெரிந்தவர்களைக் கண்டால் ஒரு மரியாதை உண்டு. ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த தடவ வூட்ல எறக்கி விட்டுட்டு வாறேன் சேர்" என்றான். அவ்வளவுதான் அவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

படைக்கு நான் வைத்த சட்டங்களில் பாதியை அவர்கள் மதிக்கவில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டு நெருப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. உன் வீடு என்றால் நீ பம்ப் பக்கத்தில் நில், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தன் வீடு எரியும்போது மனிதனுக்குத் தன் அலுமாரிதான் கண்ணுக்குத் தெரியும், கூட நிற்கிறவன் தெரியமாட்டான். அதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் த்ரீவீல்காரனின் மனைவி நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை. வந்த கையோடு அவர்களுடைய காம்பராவைத் திருத்தினாள். எட்டுக் காம்பரா, அதாவது எட்டு வீடு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள லயத்தில் நாலாவது அவர்களுடையது. லயத்துக் காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு தலையிலிருந்து மறு தலை வரைக்கும் வெறும் பொந்து. பக்கத்து வீட்டு அடுப்புக் கரி நம் வீட்டுப் பாயில் விழும். பக்கத்து வீட்டுச் சண்டை நம் சோற்றில் விழும். அவள் புதுத் தகரம் போட்டு, அதற்குக் கீழே சீலிங் அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசினாள். அந்த லயத்தில் அதற்கு முன் சீலிங் என்று ஒன்றை யாரும் அடித்ததில்லை.

பால் காய்ச்சிய அன்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், "மேல பாருங்க" என்றாள். நானும் பார்த்தேன். கழுத்து வலிக்கப் பார்த்தேன். கேசரித் தட்டை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்:

"மேடம் வூட்ல கிச்சனுக்குப் பக்கத்துல எனக்கொரு சின்ன ரூம் சேர். ஜன்னல் கூட இல்ல. ஆனா படுத்தா மேல வெள்ளையா இருக்கும். மூஞ்சில ஒன்னும் விழாது. நம்ம வூட்லயும் இப்பிடிப் படுக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் அங்க நாலு வருசத்தையும் ஓட்டுனேன்."

அவள் புருஷன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சீலிங் பலகை ஒவ்வொன்றையும் அவன்தான் அடித்தான். கொஞ்ச நாளில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் அவனைக் கிண்டல் செய்தே கொன்றார்கள். நானும்தான்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் மழையே இல்லை. ஒரு மத்தியானம், முக்கால்வாசிப் பேர் கொழுந்து எடுக்கப் போயிருந்த நேரத்தில், அந்த லயத்தின் முதல் காம்பராவில் தீப்பிடித்துவிட்டது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயவைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அடுப்பை அணைத்துவிட்டோம் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். வேண்டாம், வேண்டாம் என்று நாங்கள் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம்தான். மழைக் குளிரில் ஈர விறகோடு மல்லுக்கட்டுகிற பெண்களிடம் அதை எத்தனை தடவை சொல்வது?

பெரிய வண்டி தோட்டத்து ரோட்டின் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. கைப்பம்பை இறக்கி, கீழே ஓடையில் வைத்து, மலையேற்றத்தில் குழாய்களை ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டு ஏறினோம். மேலே போய்ப் பார்த்தால் இரண்டு காம்பரா எரிகிறது, மூன்றாவதின் கூரையில் புகை. உள்ளே இருந்தவர்களை லயத்துச் சனங்களே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆபத்தில்லை. நான் த்ரீவீல்காரனைப் பார்த்து, "தம்பி, நீ கீழ போ. பம்ப் கிட்ட நில்லு" என்றேன். உடனே இறங்கிப் போனான். போன வேகத்தில் மூச்சு வாங்க ஏறிவந்தான்.

"பம்ப் தண்ணி இழுக்குதில்ல சேர். முதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம்."

அப்போது செய்வதற்கு ஒரு வேலைதான் இருந்தது. நெருப்பு பொந்து வழியாக ஓடுகிறது. அது ஓடி வருவதற்கு முன்னால் ஒரு காம்பராவின் கூரையை மொத்தமாகப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். பலகை, தகரம், கைமரம் ஒன்றும் இருக்கக்கூடாது. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நின்றுவிடும். மூன்றாவது காம்பராவுக்குள் போக முடியாது. நாலாவதைத்தான் உடைக்க வேண்டும். உடைத்தால் மிச்சம் நாலு வீடு தப்பும். ஆனால் தண்ணீர் வந்துவிட்டால் ஒன்றையுமே உடைக்கத் தேவையில்லை. அந்த சீலிங்கும் அப்படியே இருக்கும். தண்ணீர் வருமா? எப்போது வரும்? அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் நான். அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவன் நீளக் கொக்கித் தடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் கீழே ஓடைப் பக்கம் பார்த்தேன். குழாய் செத்த பாம்பு மாதிரி தட்டையாகக் கிடந்தது.

அவன் மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெத்தையை இழுத்து வெளியே போட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது காம்பராக் கூரையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க ரெண்டு பேரும்? இழுங்க. சீலிங்க இழுத்துப் போடுங்க."

"தண்ணி இப்ப வந்துரும் புள்ள" என்றான் அவன்.

"வரட்டும். நீங்க இழுங்க."

அவன் உள்ளே போனான். என் சட்டத்தை நானே மறந்துவிட்டு அவன் பின்னால் போனேன். முதல் பலகையில் அவன்தான் கொக்கியைப் போட்டான். அதற்குப் பிறகு எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு இழுத்தோம். வெள்ளைப் பலகை மடமடவென்று விழுந்தது. தகரம் விழுந்தது. கைமரங்களை வெட்டி வெளியே எறிந்தோம். நெருப்பு மூன்றாவது காம்பராச் சுவரின் மேல் வந்து நாக்கை நீட்டியது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்று எரிந்தது. பறந்து வந்த பொறிகளை ஈரச் சாக்கால் அடித்தோம்.

கடைசிக் கைமரத்தை வெளியே போட்டுவிட்டு நிமிரும்போது குழாய் புடைத்தது. தண்ணீர் வந்துவிட்டது. கீழேயிருந்து முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வந்திருச்சி சேர், வந்திருச்சி" என்று சந்தோஷமாக ஏறி வந்தார். கூரையில்லாத காம்பராவைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எரிந்த வீட்டுக்காரர்களைச் சுற்றிச் சனங்கள் நின்று ஆறுதல் சொன்னார்கள். தப்பிய நாலு வீட்டுக்காரர்கள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய வீடு எரியவும் இல்லை, தப்பவும் இல்லை. அது நாங்கள் உடைத்த வீடு. அவள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் மெத்தையின் மேல் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்திருந்தால் தண்ணீர் முந்தியிருக்குமா? மூன்றாவது கூரை இறங்கிய வேகத்தைப் பார்த்தால் முந்தியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. இன்றைக்கும் முடியாது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பயிற்சிக்கு வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் எல்லோர் மேலும் காட்டினேன். கடைசியில் முதலாளிதான், "சும்மா ஈங்க சேர், கத்துறத விட்டுட்டு அவனுக்கு ஃபோன் ஒன்னு எடுத்துப் பாருங்களேன்" என்றார். எடுத்தேன்.

"வூட்டுக்காரிக்கு மொகங் குடுக்க முடியல சேர்" என்றான். "ஆம்பளைங்க ரெண்டு பேரு மரமாட்டம் நிக்கிறோம், அவ சொல்றா. அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லயே. நான்லாம் ஒங்க படைக்குச் சரிப்பட மாட்டேன்."

ரெண்டு பேரில் ஒருவன் நான். "மடையா, ஞாயித்துக்கெழம வீட்லயே இரு, நாங்க வாறோம்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். எல்லோரும் போனோம். முதலாளி தகரமும் மரமும் லொறியில் கொண்டுவந்தார். மாலைக்குள் கூரை ஏறிவிட்டது. சீலிங் மட்டும் ஏறவில்லை. அவளே வேண்டாம் என்றுவிட்டாள். "அது மெதுவாப் பாத்துக்கலாம்" என்றாள். எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் தந்தாள், தேத்தண்ணி தந்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவன் திரும்ப வர ஆரம்பித்தான். ஆனால் முன்னைவிடப் பேச்சு குறைந்துவிட்டது. பேசினால் அவளைப் பற்றித்தான். என் வூட்டுக்காரி மாதிரி தைரியம் யாருக்கு வரும் என்று ஸ்டாண்டில், நிலையத்தில், வண்டியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கிற நேரத்தில் ஒரு தோடம்பழப் பையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அவன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தான். அவள் படுத்திருந்தாள், பக்கத்தில் பிள்ளை துணிப் பொட்டலமாகத் தூங்கியது. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

எனக்கு எப்போதும் பேசத் தெரியாத இடத்தில்தான் பேச்சு வரும். "தங்கச்சி, அன்னைக்கி நான்தான் சொல்லியிருக்கணும். அது என் வேல. நீ முந்திக்கிட்ட. ஒன்னய மாதிரித் தைரியம் எனக்கும் வரல" என்றேன்.

அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

"தைரியம் எல்லாம் ஒன்னும் இல்ல சேர். பயம். அவரா அத ஒடைச்சிருந்தா சாகுற வரைக்கும் நான் அவர மன்னிச்சிருக்க மாட்டேன். என்னய எனக்குத் தெரியும். தெனமும் குத்திக் காட்டியிருப்பேன். குடும்பமே ஒடைஞ்சிருக்கும். நீங்க சொல்லியிருந்தாலும் ஒங்க பேச்சக் கேட்டு ஒடைச்சாருன்னு அவரத்தான் வஞ்சிருப்பேன். அதான் நானே சொல்லிட்டேன்."

வெளியே நடையில் அவன் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தணித்தாள்.

"இத அவருக்கிட்ட சொல்லிறாதீங்க சேர். பொண்டாட்டி பெரிய தைரியக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அப்பிடியே திரியட்டும்."