பொட்டு வைத்த சிப்

சரஸ்வதி பூசைக்கு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பார், கணக்காளர் லாப்டொப் வைப்பார். நான் ஒரு சிலிக்கன் சிப் வைத்தேன். விஞ்ஞானம் படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். அடுத்த நாள் அந்தச் சிப் ஒழுங்காக வேலை செய்தால்தான் என் ஒப்பந்தத்தை நீடிப்பார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும். பயம் வந்தால் படிப்பும் பறக்கும்.

எங்கள் ஆய்வுகூடத்து இயந்திரம் மூலக்கூறுகளை நிறுப்பது. அதற்குத் திரவத்தை மின்னேற்றிய தூவானமாகத் தெளிக்க வேண்டும். பழைய கண்ணாடி ஊசி தெளிப்பதில் பெரும்பகுதி வெளியே வீணாகிவிடும். நான் மினக்கெட்டுச் செய்த சிப்பிலோ, விரல் நகமளவு இடத்தில், கண்ணுக்குத் தெரியாத முனைகள் வரிசையாக இருந்தன. தூவல் நுண்மையாக இருப்பதால் துளியிலும் துளியைக்கூட இயந்திரம் பிடித்துவிடும் என்பது என் வாதம்.

காலையில் ஆய்வுகூடத்தில் பெட்டியைத் திறந்தேன். முனைகளின் மேல் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு! உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"மூடியைத் திறக்க வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"மூடின பெட்டிக்குப் பொட்டு வைச்சால் பெட்டிக்குத்தானே ஆசீர்வாதம்?" என்றாள் மனைவி.

பிறகு நான் கத்தியதை எழுத முடியாது. அவள் போனை வைத்துவிட்டாள்.

சிவப்பு மறையும்வரை நாலு தரம் கழுவினேன். ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கும் பேராசிரியை வந்தார். சோதனை மருந்தைச் சிப்பில் விட்டு இயந்திரத்தை ஓட்டினேன். நாங்கள் தேடிய மருந்து திரையில் புல்லுயரக் கோடாக நின்றது. பக்கத்தில் பனைமரமாய் வேறொன்று.

"இது என்ன?" என்றார்.

பொய் வாய்வரை வந்தது. "என் மனைவியின் குங்குமம். அதிலுள்ள சாயம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாலு தரம் கழுவிய பிறகுமா? நாளைக்குக் கொஞ்சம் கொண்டுவாருங்கள். நன்றாக நீர்க்கக் கரைத்து, பழைய ஊசியிலும் பொட்டுப் படாத புதுச் சிப்பிலும் விட்டுப் பார்ப்போம். பிறகு முடிவு சொல்கிறேன்."

ஆக, என் வேலை இப்போது மனைவியின் குங்குமச் சிமிழுக்குள் இருந்தது. லண்டனில் எங்கள் வீடிருக்கும் ஹரோ வரும்வரை ரயிலில் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

"இஞ்ச பாரும், கொஞ்சம் குங்குமம் வேணும்."

"என்னத்துக்கு?"

"மெஷினுக்கு."

"காலமை கழுதை மாதிரிக் கத்தினது ஆர்?"

"நான்தான்."

"கேக்கேல்லை."

சத்தமாகச் சொன்னேன். சிமிழ் கிடைத்தது.

மறுநாள் ஒரே குங்குமக் கரைசலுக்குப் பழைய ஊசியில் திரை வெறுமையாகக் கிடந்தது. புதுச் சிப்பில் பனைமரம் எழுந்தது. ஒப்பந்தம் நீடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வாற வருசம் மூடியை நீங்களே திறந்து வையுங்கோ."