ரயிலடிக்கு முதலில் வந்த குதிரை

நேற்று சாயங்காலத்திலிருந்து என் வலது கை நடுங்கிக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்படி நடுங்கிய இன்னொரு கையை எனக்குத் தெரியும். அது அப்பாவின் கை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் குறைந்துபோனதால் திண்டிவனம் ரயிலடியில் ஜட்கா வண்டிகளுக்கு நல்ல கிராக்கி. அப்பாவும் ஒரு ஜட்கா ஓட்டினார். எங்கள் வெள்ளைச்சி விலா எலும்பு தெரியும் பெட்டைக் குதிரை. மற்ற வண்டிக்காரர்கள், "இன்னா அண்ணே, கழுதைக்கு லாடம் அடிச்சி இட்டுக்கினு வந்துட்டியா?" என்பார்கள். அப்பா சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

அதனால், மாசிச் சந்தையில் ஜட்காக் குதிரைகளுக்குப் பந்தயம், ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை என்று தமுக்கு அடித்ததும், அந்தக் கோப்பை அவருக்கு வேண்டியதாகிவிட்டது. ஒரு மாதம் வெள்ளைச்சிக்கு எங்களைவிட நல்ல சாப்பாடு. அம்மா சாமி மாடத்தில் விளக்கை நகர்த்திக் கோப்பைக்கு இடம் ஒதுக்கினாள். எடை குறைவு என்று சவாரிக்கு என்னை ஏற்றினார்கள். எனக்கு ஒன்பது வயது. ஏரியில் குளிப்பாட்ட வெள்ளைச்சியைத் தினமும் ஓட்டிப்போனவள் நான்தான்.

"பொட்டப்புள்ளைய ஏத்திக்கினு வந்துட்டாரு பாரு. கப்புல கூழு ஊத்திக் குடிப்பாங்கபோல!" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"கேப்பைக் கூழுதான். உனக்கும் ஒரு வாய் ஊத்தறேன் வா," என்றார் அப்பா.

ரயில் போன பிறகுதான் பந்தயம் என்று ஏற்பாடு. ஆனால் விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய பாசஞ்சர் வந்தபாடில்லை. தாசில்தார் வெயிலில் காத்திருந்து அலுத்துக் கொடியை அசைத்துவிட்டார்.

வெள்ளைச்சி பறந்தாள். பாதித் தூரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வால்கூட இல்லை. அப்போதுதான் ரயில் கூவியது.

ரயில் கூவினால் ரயிலடிக்கு ஓட வேண்டும் என்பது ஜட்காக் குதிரைக்குப் பழகிய பாடம். ஆறு குதிரைகளும் தலையைத் திருப்பின. மற்ற ஐந்தின் மேலும் இருந்த ஆண்பிள்ளைகள் இழுத்துப் பிடித்தார்கள். எனக்குப் பலம் போதவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. உண்மையில் நான் இழுக்கவே இல்லை. கூட்டத்தைப் பிளந்து வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை வழியாக அவள் பாய்ந்தபோது வாய் நிறையக் காற்று. சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கோப்பை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ரயிலடியில் தன் வழக்கமான புளியமரத்தடியில் போய் நின்றாள். ரயிலிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் மூட்டையோடு வந்து, "ஒலக்கூர் வர்றியா பாப்பா? வண்டி எங்க?" என்றார்.

பின்னாலேயே அப்பா ஓடிவந்தார். தலைப்பாகையும் இல்லை, செருப்பும் இல்லை. என் கணுக்காலைப் பிடித்த கை கிடுகிடுவென்று நடுங்கியது. கோப்பை போன துக்கம் என்று நினைத்தேன்.

"நாமதான்பா ஃபர்ஸ்ட். வேற வண்டி ஒண்ணுமே வரல பாரு. கப்பு அடுத்த வருசம் வாங்கிக்கலாம்," என்று தேற்றினேன்.

அடுத்த வருடம் அவர் பெயரே கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஏற்றி, ஏரிக்கரைவரை தாமும் பக்கத்திலேயே நடந்து வருவார். தோற்றதற்குத் தண்டனை என்று வெகுநாள் நம்பியிருந்தேன், இனிமையான தண்டனை.

நேற்று என் மகள் ரயில்வே கேட் சரிவில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுச் சைக்கிளில் இறங்கினாள். எதிரே லாரி. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வேலியோரம் சைக்கிளை நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறுதலாகச் சொன்னாள்:

"பயப்படாதம்மா. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல."