அன்னாருக்கும் ஆவாருக்கும் இடையில்

மரண அறிவித்தலில் ‘அன்னார்’ என்ற சொல்லுக்கும் ‘ஆவார்’ என்ற சொல்லுக்கும் இடையில் முற்றுப்புள்ளி கிடையாது. இறந்தவரின் பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், மைத்துனர்மார், சகலன்மார், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வசனத்துக்குள் வரிசையாக நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் நான் வேலைசெய்த பத்திரிகையில், நீண்ட வசனத்தைக் கண்டால் ஆசிரியர் இரண்டாக வெட்டிவிடுவார். மரண அறிவித்தலில் மட்டும் கை வைக்கமாட்டார். அங்கே பெயர் நிற்கும் இடத்தை வைத்து ஆட்கள் வருடக்கணக்கில் பகைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் வில் நகரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், சலவை அறைக்குப் பக்கத்து அறையிலிருந்து எங்கள் இணைய வானொலி இயங்குகிறது. ஞாயிறு காலையில் அந்த வாரத்து மரண அறிவித்தல்களை நேரலையில் வாசிப்பது என் பொறுப்பாக இருந்தது. மற்ற நாட்களில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன். பத்திரிகைத் தொழிலில் எனக்கு மிச்சமிருந்தது அந்த ஞாயிறு வாசிப்பு மட்டும்தான். அதற்காகச் சனி பின்னேரமே தாள்களை வாங்கி, எழுத்துப் பிழை திருத்தி, மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யலாம்தான். ஆனால் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும், இன்னொரு பெயரை மேலே ஏற்ற வேண்டும் என்று கடைசி நேரம்வரை தொலைபேசி அடிக்கும்.

சிகரெட்டை விட்டு வேப் என்ற மின்சிகரெட் பிடிக்கத் தொடங்கியது குசினியில்தான். சிகரெட் என்றால் வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டி, புகைப்பவர்களுக்கான கூரைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். வேப் சட்டைப் பையில் கிடக்கும். பின்கதவைத் திறந்து குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு இழுவை இழுத்துவிட்டு உள்ளே வரலாம். சிகரெட் எரிந்து முடியும். இது முடிவதில்லை. பகல் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பாண்தான் காட்டிக்கொடுத்தது. மென்ற துண்டு வாயில் நனையாமல் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு, காலையில் எழும்பும்போது நாக்கைப் பல்லிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அப்போதெக் என்ற மருந்துக்கடையில் நின்ற பெண், ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்டாள். சட்டைப் பையைக் காட்டினேன். அதற்குள் இருக்கும் திரவம் வாயிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாள். சொல்லிக்கொண்டே, நிறுத்தாதவர்களுக்காக ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருந்த பொருட்களில் ஒரு தெளிப்பானை எடுத்துத் தந்தாள். சிறிய வெள்ளைப் போத்தல். நாக்குக்குக் கீழே அடித்தால், அடுத்தவரின் எச்சிலைப் போல ஒரு வழவழப்பு வரும். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

சீனியில்லாத சுவிங்கத்தையும் முயன்று பார்த்தேன். வானொலியை நடத்துபவர் என்னைவிட வயதில் குறைந்தவர். ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்:

“அண்ணை, நீங்கள் சப்பிற சத்தம் இதுக்குள்ளாலை போகுது. செத்த வீட்டு அறிவித்தலுக்குள்ளை மாடு இரைமீட்டுது எண்டு சனம் சொல்லப்போகுது.”

அன்றோடு சுவிங்கத்தை விட்டேன். கோப்பியைக் குறைத்தேன். ஏலக்காயைக் கடித்தேன், வாய் மணத்ததே தவிர நனையவில்லை. தண்ணீர்ப் போத்தலை எப்போதும் கூடவே வைத்திருந்தேன். தண்ணீர் வாயை நனைக்கும், வழுக்க வைக்காது. வாசிப்புக்குத் தேவை வழுக்கல்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ‘ல’வுக்கும் நாக்கு அண்ணத்தை விட்டுக் கழலும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் எழும். ஒலிவாங்கி அதைத் தவறவிடாது.

ஐப்பசியில் என் மனைவி கந்தசஷ்டி விரதம் பிடிப்பாள். கடைசி நாளில் உமிழ்நீரைக்கூட விழுங்கமாட்டாள். மடித்த தாளில் துப்பித் துப்பிக் குப்பைக் கூடையில் போடுவாள். அவளுக்கு எதிரே குசினி மேசையில் இருந்து நான் தெளிப்பானை வாய்க்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வேண்டாமெண்டாலும் ஊறுது. உங்களுக்குக் காசு குடுத்தும் வரேல்லை,” என்றாள். “உந்தக் குழலை விட்டால் அது தன்ரை பாட்டிலை வரும்.”

“விடத்தான் வேணும்.”

“போன சஷ்டிக்கும் உதைத்தான் சொன்னனீங்கள்.”

அந்தக் குளிர்காலத்தின் முடிவில், வில் நகரில் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியவர் காலமானார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஊரில் கல்யாணம் செய்து இங்கே தகப்பனுடன் இருந்தவர். இளையவர் நொஷாட்டலில் வசிக்கிறார். மனைவி பிரெஞ்சு பேசும் சுவிஸ் பெண். பெரியவர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மருமகள் என்று ஒருநாளும் அவளைச் சொன்னதுமில்லை. இது வில்லில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. அறிவித்தலில் அவள் பெயர் வருமா வராதா என்று வீட்டில் இரண்டு நாள் இழுபட்டு, கடைசியில் வந்தது. மூத்த மருமகளுக்கு அடுத்ததாக.

சனிக்கிழமை இளைய மகன் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அவளின்ரை பேரிலை ஒரு ‘ர’ இருக்குது. அதைத் தொண்டைக்குள்ளாலை எடுக்கவேணும். எங்கடை ‘ர’வைப் போட்டால் வேறை ஆளாப் போயிடும்.”

“ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ, தம்பி.”

சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு முறை திருத்தினார்.

“ஓம், அதுதான். அவளும் கேப்பாள், அண்ணை. தமிழ் ஒண்டும் விளங்காது. தன்ரை பேர் வருதோ எண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.”

தொண்டையிலிருந்து வரும் அந்த ‘ர’வுக்கு ஈரம் வேண்டும். அன்று இரவு வேப்பை வெளியங்கிப் பையில் வைத்து, அங்கியைக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டுப் படுத்தேன். காலையில் நிலவறைப் படியில் இறங்கும்போது அது என் கையில் இருந்தது. பதற்றத்தில் வழக்கத்தைவிடக் கூடவே இழுத்தேன். கதவடியில் நின்று தெளிப்பானை அடித்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று மூன்று அறிவித்தல்கள். பெரியவருடையது கடைசி. அது வருவதற்குள் தெளிப்பான் தந்த வழவழப்பு தீர்ந்துவிட்டது.

மூத்த மருமகளின் பெயரை வாசித்து முடித்தேன். அடுத்த பெயருக்கு நாக்கைத் தூக்கினேன், மேலே ஒட்டிக்கொண்டது. போத்தல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. குடித்தால் விழுங்கும் சத்தம் கேட்கும். இல்லாத எச்சிலை விழுங்கினேன். ‘டக்’ என்றது. பெயரின் முதல் பாதி வெறும் காற்றாக வந்தது, மறுபாதி கரகரத்துக்கொண்டு வந்தது. கையால் ஒலிவாங்கியை மறைத்து ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் மணிமணியாக விழுந்தன. அதுதான் என்னைக் கெடுத்தது.

மத்தியானத்துக்குள் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தொலைபேசிக் குழுக்களில் அனுப்பியிருந்தார்கள். முதலில் அழைத்தவர் ஃப்ரிபூர்க்கில் இருக்கும் பழைய சிநேகிதர்.

“ஏன் அந்த இடத்திலை நிண்டனீர்?”

“வாய் காய்ஞ்சு போச்சுது.”

“மற்றப் பேருகளுக்குக் காயேல்லையோ?”

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்கமாட்டேன். நம் ஆட்களின் அறிவித்தலில் சும்மா நிற்கும் இடம் என்று ஒன்றில்லை. பத்திரிகையில் பெயர் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடுவோம்: இன்னாருக்குப் பதிலாக இன்னார் என்று. சொல்லாமல் நின்ற நேரத்துக்கு என்ன திருத்தம் போடுவது? மீண்டும் ஒருமுறை வாசிக்கலாமா என்று வானொலியை நடத்துபவரிடம் கேட்டேன்.

“திருப்பி வாசிச்சால், அண்ணை, முதல் வாசிச்சதைக் கேளாத சனமும் தேடிக் கேக்கும்,” என்றார்.

இளைய மகனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது.

புதன்கிழமை தகனசாலைக்குப் போனேன். வாசலில் பெரியவரின் மைத்துனர் ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, காதோடு சொன்னார்:

“சொல்லவேண்டியதைச் சொல்லாமலே சொல்லிப்போட்டியள். அத்தான் இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.”

கையை இழுத்துக்கொண்டேன். “எனக்கு வாய் காயிற வருத்தம், ஐயா,” என்றேன்.

“ஓமோம்,” என்று சிரித்தார்.

உள்ளே இளைய மகனிடம் கையை நீட்டினேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கை கொடுத்தார்.

வெளியே வந்து, கட்டடத்தின் பக்கவாட்டில், சிகரெட் சாம்பல் தொட்டிக்கு அருகே நின்று இழுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தாள். கறுப்பு உடை, கழுத்தில் சால்வையைச் சேலைத் தலைப்பைப் போல விட்டிருந்தாள். யாரோ அப்படிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். கையில் என்னுடையதைப் போன்ற ஒன்று. யாரென்று கேட்கத் தேவையில்லை. அங்கே அவள் ஒருத்திதான் வெள்ளைக்காரி.

எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம், அவளுக்கு ஜெர்மன் கொஞ்சம். வானொலியில் வாசித்தவன் நான் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

“என் பெயர் கஷ்டமா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். வாயைக் காட்டி, காய்ந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னேன். என் உதட்டையும் கையிலிருந்ததையும் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சிறிய வெள்ளைப் போத்தலை எடுத்து நீட்டினாள். அதே தெளிப்பான். என் பையிலும் ஒன்று கிடந்தது. அதைச் சொல்லாமல் வாங்கி அடித்துக்கொண்டு, அவளுடைய பெயரை, தொண்டையிலிருந்து எடுத்து, சரியாகச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

அவள் கணவர் மூலையில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் என்னைக் காட்டி, தன் வாயைக் காட்டி, விளக்கமாக ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அவர் கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள். நம் ஆட்களிடம் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு மொழி இல்லை.

அடுத்த ஞாயிறு நான் வாசிக்கவில்லை. யாரும் விலகச் சொல்லவில்லை. “கொஞ்சக் காலம் போகட்டும், அண்ணை,” என்றார் வானொலியை நடத்துபவர். இங்கே பிறந்த ஒரு பெண் வாசிக்கத் தொடங்கினாள். எழுத்துப் பிழை திருத்தும் வேலையும் மூச்சுக் கோடு போடும் வேலையும் என்னிடமே இருந்தன.

வேப்பை நிறுத்தினேன். மனைவிகூட நம்பவில்லை. முதல் கிழமை பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் நீராவியை மூக்கால் இழுத்துக்கொண்டு நின்றேன். சில கிழமைகளில், ஒருநாள் காலையில், தோடம்பழம் உரிக்கும்போது வாயில் நீர் ஊறியது. அப்படியே கத்தியை வைத்துவிட்டு நின்றேன். பாண் நனைந்தது. தனியாக இருக்கும்போது பழைய அறிவித்தல் ஒன்றை எடுத்து ‘அன்னார்’ முதல் ‘ஆவார்’ வரை வாசித்துப் பார்த்தேன். நாக்கு எங்கும் ஒட்டவில்லை.

நிலவறைக்குப் போய்ச் சொன்னேன். வானொலியை நடத்துபவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

“உங்கடை வாய் நல்லாய்த்தான் இருக்கும், அண்ணை. சனத்தின்ரை காதுக்கு நான் என்ன செய்ய? நீங்கள் மூச்சு எடுத்தாலும், ஆரின்ரை பேருக்கு முன்னாலை எடுத்தியள் எண்டு பாப்பினம். போன கிழமை ஒரு குடும்பம், அறிவித்தலை அனுப்பேக்கையே, நீங்கள் வாசிக்கக்கூடாது எண்டு சொல்லித்தான் தந்தது.”

“எந்தக் குடும்பம்?”

“விடுங்கோவன்.”

பக்கத்து அறையில் யாருடைய துணிகளோ இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. திருத்திய தாள்களை மேசையில் வைத்தேன். படியேறி வெளியே வந்து, ரயில் நிலையக் கடையில் புதிதாக ஒரு வேப் வாங்கினேன்.

இப்போது ஞாயிறு காலையில் குசினி மேசையில் இருந்து கேட்கிறேன். அந்தப் பெண் நன்றாக வாசிக்கிறாள். நான் கோடு போட்ட இடங்களில்தான் மூச்சு எடுக்கிறாள். மனைவி ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அறிவித்தல்கள் தொடங்குமுன் ஒருமுறை இழுக்கிறேன். முடிந்ததும் ஒருமுறை. வாய் காய்ந்துதான் கிடக்கிறது. அந்த வாயை வைத்துச் செய்வதற்கு எனக்கு வேலை எதுவும் இல்லை.