கை நனைக்க ஒரு செம்புத் தண்ணீர்

எனக்கு முறைப்படி காது குத்தவில்லை. பாலக்காட்டில் ஒரு நகைக்கடையில் துப்பாக்கி போன்ற ஒன்றை வைத்து 'டப்'பென்று அடித்துவிட்டார்கள். யாராவது ஏனென்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

எலப்புள்ளியில் எங்கள் வீடு இரண்டே அறை. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் அம்மாவோடு பாக்கிங் வேலை பார்த்த மூன்று ஒடிசாக்காரப் பெண்கள் ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். அவர்கள் தங்கியிருந்த அறையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்களாம். அரைகுறை மலையாளத்தில் பேசிச் சிரித்தபடி வெங்காயம் உரிப்பார்கள். நாளடைவில் அடுத்த வீட்டு டீச்சரும் பப்படத்தோடு வந்து உட்கார ஆரம்பித்தார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மாமா வரும்வரை.

மாமா அம்மாவின் அண்ணன். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். என்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டியவர். சிவப்புக்கல் தோடு வாங்கி வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தார். நாள் குறிக்க வந்தவர், உள்ளே பந்தியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணா. சாப்புட்டுட்டுப் பேசலாமுங்க" என்றாள் அம்மா.

"என்ன சாதியோ என்னமோ, நடு ஊட்டுல உக்கார வெச்சிருக்கற. இனி உன்ற ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன் அம்மிணி."

கை நனைப்பதென்றால் சாப்பிடுவது, உறவு கொண்டாடுவது என்பதெல்லாம் ஆறு வயதில் எனக்கு எங்கே தெரியும்? தண்ணீர் கொடுக்காததால் கோபம் என்று நினைத்து ஒரு செம்பு மொண்டுகொண்டு ஓடினேன்.

"மாமா, தண்ணி இருக்குதுங்க. நனைச்சுக்குங்க."

நான் வழியெல்லாம் தண்ணீரைச் சிந்தியதைப் பார்த்து அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மாமாவின் முகம் கறுத்தது. "புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கற" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து பரிமாறினாள்.

மாமா வராவிட்டால் தோடு இல்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு தெருமுனையிலேயே போய் நின்றேன். மூவரும் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார்கள். இனி வர வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னதாக மலையாளத்தில் சொன்னேன். துளிகூடத் தடுமாறவில்லை. போன வாரம் சிரித்தவள் என் காதைத் தடவிக் கொடுத்தாள். பையை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். நான் கொய்யாவை டீச்சர் வீட்டு வைக்கோல் போருக்குள் ஒளித்தேன்.

அம்மா மூன்று மணிவரை தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஓவர்டைமா இருக்குமுங்களா?" என்று டீச்சரிடம் கேட்டாள். மறுநாள் கம்பெனியில் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தபோது எதுவுமே கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

மாமா பிறகும் வரவில்லை; அந்தப் பெண்களும் வரவில்லை. யாருக்காக அம்மா அண்ணனை விட்டாளோ, அவர்களையும் நான் அனுப்பிவிட்டிருந்தேன். அவர்களுக்காகக் காத்திருந்த அந்த ஞாயிறு அம்மா கை நனைக்கவே இல்லை. மாமா மனசு மாறி வந்தால் என்று அம்மா எடுத்துவைத்திருந்த தட்டில், பசி தாங்காமல், நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.